‘எங்க ஊர் நோயாளிக்குப் புரியாது’ என்பவர்களுக்கு

மருத்துவர்கள் கூடிப் பேசும் இடங்களிலும், படித்தவர்களின் வீடுகளிலும், ஏன், நீதிமன்றத் தீர்ப்பிலும்கூட ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. ‘நோயாளியோடு கலந்து பேசிச் சிகிச்சையை முடிவு செய்வதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி. நம் ஆட்களுக்குப் புரியாது. புரிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பமும் இல்லை. “எனக்கென்னங்கய்யா தெரியும், நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி” என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?’ இதுதான் அந்தக் கருத்து.

இது தவறு. தவறு மட்டுமல்ல, நோயாளிக்குக் கெடுதல் செய்யும் தவறு. இதைப் பொத்தாம்பொதுவாக மறுத்தால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஓர் ஊரையும் ஒரு நோய்க்கூட்டத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஊர், திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கும் வடமதுரை. நோய், உணவுக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விடாதவை: மக்கள் ‘கேஸ் டிரபிள்’, ‘அல்சர்’ என்று பொதுப்பெயரில் சொல்லும் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும், அமிலம் பட்டு உணவுக்குழாய் சுருங்கிப்போவது, உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க மறுப்பதால் சோறு இறங்காமல் நிற்கும் அக்கலேசியா.

விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கும் மாரடைப்போடு வருகிறவருக்கும் மருத்துவர் நொடியில் முடிவெடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து பேச அவகாசமில்லை. உணவுக்குழாய் நோய் அப்படியல்ல. மூன்று வேளைச் சாப்பாட்டிலும் இரவுத் தூக்கத்திலும் அது கூடவே இருக்கும். எதைச் சாப்பிடுவது, எப்போது படுப்பது, எந்த மாத்திரையை எத்தனை காலம் விழுங்குவது, அறுவைக்கு ஒப்புக்கொள்வதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ‘கலந்து பேசுவது தேவையா’ என்ற வழக்கைத் தீர்க்க இதைவிடப் பொருத்தமான நோய் குறைவு.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முன்வைத்தே மறுக்க வேண்டும். அதைத் தெளிவாக எழுதி வைத்திருப்பது, சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தந்த தீர்ப்பு. சம்பவம் 1995இல் டெல்லியில் நடந்தது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்காக மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார் ஒரு பெண். அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது, தாய் சொன்ன சரி மகளின் சரி ஆகாது என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அந்த மட்டில் அது நோயாளியின் பக்கம் நின்ற தீர்ப்பு.

ஆனால் மருத்துவர் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு வந்ததும் அதே தீர்ப்பு வேறு குரலில் பேசியது. இந்நாட்டில் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வறியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மருத்துவச் சொற்களும் முறைகளும் அவர்களுக்குப் பிடிபடாது, எந்தச் சிகிச்சை கிடைத்தாலும் அது அவர்களுக்கு வரம், தேர்வு என்ற பேச்சே அவர்கள் வாழ்க்கையில் பொருளற்றது என்ற கருத்துப்பட எழுதியது. நோயாளி முடிவெடுக்கத் தேவையானதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற அமெரிக்க அளவுகோலை ஒதுக்கிவிட்டு, பொறுப்புள்ள மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு சொன்னால் போதும் என்ற பிரிட்டிஷ் அளவுகோலை ஏற்றது.

அந்த அளவுகோலை 2015 மார்ச் 11 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே மாண்ட்கோமரி வழக்கில் கைவிட்டுவிட்டது. மருத்துவர்களின் வழக்கம் எது என்று பார்க்காதே, நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல் என்று அது தீர்ப்பளித்தது. நாம் எடுத்துக்கொண்ட அளவுகோல் பிறந்த வீட்டிலேயே இப்போது இல்லை. இங்கோ, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ‘நம் மக்களுக்குப் புரியாது’ என்ற எண்ணம் ஒவ்வொரு ஓ.பி. அறையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணத்தின் அடிப்பிழை இது. முடிவெடுக்கும் அதிகாரம் இன்று மருத்துவர் கையில் இருப்பதாகவும், அதில் கொஞ்சத்தை நோயாளிக்குக் கிள்ளிக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி என்றும் அது நினைத்துக்கொள்கிறது. நடப்பது இதற்கு நேர்மாறு. நாள்பட்ட நோயில் முடிவுகளை எடுப்பவர் நோயாளிதான். இன்றும் அப்படித்தான், வடமதுரையிலும் அப்படித்தான். அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை அட்டையோடு வீட்டுக்குப் போகிறவர் அதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று தானே முடிவு செய்கிறார். எரிச்சல் நின்றால் தானே நிறுத்துகிறார். திரும்ப எரிந்தால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே இன்னொரு அட்டை வாங்குகிறார். எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, ‘ட்யூப் விட்டா தொண்டை புண்ணாயிரும்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுப் போகாமல் இருந்துவிடுகிறார்.

வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்கான மருந்துகளை எழுதித் தந்தபடி எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. மற்ற பாதிப் பேரை முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள். மருத்துவர் இல்லாத இடத்தில், மருத்துவ அறிவின் துணை இல்லாமல் எடுத்துவிட்டார்கள். ஆகவே உண்மையான கேள்வி, முடிவில் நோயாளிக்கு இடம் தருவதா என்பது அல்ல. நோயாளி எப்படியும் எடுக்கப்போகும் முடிவில் மருத்துவருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான். கலந்து பேசுவதை ஏதோ சலுகை போலப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மருத்துவம் அந்த முடிவுக்குள் நுழைய அதைவிட்டால் வேறு வாசல் கிடையாது.

வடமதுரை, வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைய. இரவு ஷிப்ட் முடித்து வந்து, காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நெஞ்சு எரியுது என்று போகிறார். ‘காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடும்மா. ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படு. தலைமாட்டை உயர்த்திக்க. காரத்தைக் குறை’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாடநூல்படி குறை சொல்ல முடியாத அறிவுரை. அந்தப் பெண்ணின் நாளுக்கு அதில் பெரும்பகுதி பொருந்தாது. இந்த வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பாடு தூண்டும்போது வேலைசெய்யத் தொடங்கும் அமிலச் சுரப்புகளைத்தான் அவை முடக்கும். இந்தக் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னால், ‘அப்ப மில்லுல சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி போட்டுக்கலாங்களா டாக்டர்?’ என்று அவரே கேட்டுவிடுவார். காரணம் தெரியாவிட்டால் ‘காலையில’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தூங்கப்போகும் நேரத்தில் போட்டுக்கொண்டிருப்பார். ‘மாத்திரை கேக்கல’ என்று அடுத்த மாதம் திரும்பி வருவார். வேளைக்கு ஒன்று இரண்டாகும்.

தலைமாட்டை உயர்த்தக் கட்டில் வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கிறவருக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் எதுக்களிப்பு குறையும். அதைப் பாயிலும் செய்யலாம். இவற்றில் எது இவருக்கு ஆகும் என்பது பாடநூலில் இல்லை. அது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. மருத்துவருக்கு நோயைப் பற்றித் தெரியும், அவருக்கு அந்த நோயோடு தான் வாழும் நாளைப் பற்றித் தெரியும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிகிச்சை பாதிதான்.

அடுத்து, ‘புரியாது’ என்ற வாதம். இந்த வறண்ட பூமியில் ஒரு விவசாயி ஆழ்துளைக் கிணறு போட முடிவெடுப்பதைப் பாருங்கள். நீரோட்டம் பார்ப்பவர் ஓர் இடத்தைக் காட்டுவார். போர் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்பார். பாறை எத்தனை அடியில், கேசிங் பைப் எவ்வளவு இறக்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, பொய்த்துப்போனால் கடனை எதை வைத்து அடைப்பது என்று வீட்டில் எல்லோருமாகப் பேசுவார்கள். நிபுணரின் சொல்லையும், கையிருப்பையும், தோற்றுப்போகும் வாய்ப்பையும் ஒன்றாக எடைபோட்டு எடுக்கும் முடிவு அது. சிகிச்சை முடிவு கேட்பதும் அதே திறமையைத்தான். ‘நூறு பேர்ல இத்தனை பேருக்கு இப்படி ஆகும், இத்தனை பேருக்கு அப்படி ஆகும்’ என்று சொன்னால் அந்த விவசாயிக்குப் புரியும். ‘லாப்ரோஸ்கோப்பிக் ஃபண்டோப்ளிகேஷன்’ என்று சொன்னால் புரியாது. கல்லூரிப் பேராசிரியருக்கும் அது புரியாது. புரியாமல் பேசிவிட்டுக் கேட்டவர் மேல் பழிபோடுவது என்ன நியாயம்?

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக நல மையமும் சேர்ந்து, இம்மாவட்டக் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் ஒரு பெரிய ஆய்வை நடத்தின. சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையிலான பெண்கள் 49,311 பேர். 2000 முதல் 2003 வரை அவர்களில் 31,343 பேர் சோதனைக்கு வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகரின் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்யும் எளிய சோதனை. வெட்கமும் பயமும் ஒட்டியிருக்கும் சோதனையும்கூட. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: அந்தப் பகுதிகளில் நோய் கால் பங்கும், அதனால் வந்த சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்திருந்தன.

தீர்ப்பில் ‘பிடிபடாது’ என்று எழுதப்பட்டது இப்படிப்பட்ட பெண்களைப் பற்றித்தான். நோய் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே, வருமுன் காக்கும் சோதனைக்கு மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதான். இதே ஆய்வின் மீது அறம் சார்ந்த கேள்வியும் பின்னாளில் எழுந்தது: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த பகுதிகளின் 30,958 பெண்களுக்கு ஏன் இந்தச் சோதனையைத் தரவில்லை? நியாயமான கேள்வி. ஏழைப் பெண்ணின் சம்மதத்தை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதை அந்தக் கேள்வி நினைவூட்டுகிறது. அவளுக்குப் புரியாது என்ற முடிவுக்கு அது எந்த வகையிலும் இட்டுச் செல்லாது.

2014இல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு இன்னும் ஒரு படி போனது. கலந்து முடிவெடுக்க உதவும் முறைகள் படிப்பும் வசதியும் குறைந்தவர்களுக்குப் பலன் தருகின்றன, வசதியானவர்களைவிட அவர்களுக்கே கூடுதலாகப் பலன் தரக்கூடும் என்று அது கண்டது. காரணம் எளிது. வசதியானவருக்கு மருத்துவர் சொல்லாவிட்டாலும் உறவில் ஒரு டாக்டர், கையில் ஒரு கைப்பேசி, இரண்டாவது கருத்துக் கேட்க மதுரைக்குப் போக ஒரு கார் இருக்கும். இல்லாதவருக்கு அந்த அறையில் சொல்வது மட்டும்தான்.

மூன்றாவது வாதம், ‘மருத்துவத்தில் சரியான விடை ஒன்றுதான், அது டாக்டருக்குத் தெரியும்’ என்பது. சில நேரம் அது உண்மை. சோறு தொண்டையில் அடைக்கிறது, எடை குறைந்துகொண்டே வருகிறது, வாந்தியில் ரத்தம், மலம் கறுப்பாகப் போகிறது என்றால் உடனே எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். அங்கே பேச்சு ஏன் செய்கிறோம் என்பதை விளக்குவதற்குத்தான். ஆனால் நாள்பட்ட உணவுக்குழாய் நோயில் பல முக்கியமான திருப்பங்களில் சரியான விடை ஒன்று இல்லை.

எதுக்களிப்பு நோய்க்குத் தினம் மாத்திரையா, அறுவையா? ஐரோப்பாவின் 11 நாடுகளில் 554 பேரிடம் நடந்த லோட்டஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2011இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், அறுவை செய்தவர்களில் 85 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. உள்ளே பார்த்தால் கணக்கு வேறு மாதிரி. வாய்வரை எதுக்களித்து வரும் தொல்லை மாத்திரை எடுத்தவர்களில் 13 சதவீதம், அறுவையில் 2 சதவீதம். விழுங்கச் சிரமம் மாத்திரையில் 5, அறுவையில் 11. வயிற்று உப்பசம் மாத்திரையில் 28, அறுவையில் 40. குனிந்தால் வாய்க்கு வந்துவிடுவதைத் தாங்க முடியாதவருக்கு ஒரு விடை; வயிறு உப்பினால் வேலை செய்ய முடியாதவருக்கு வேறு விடை. அறுவைக்குப் பின் சில வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றால், அய்யலூர்ச் சந்தையில் ஆடுகளை வண்டியில் தூக்கி ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அந்தச் சில வாரம் என்ன என்பது எந்த ஆய்விலும் இல்லாத எண். இந்த விடையை அறுவை மருத்துவரின் விருப்பமோ கைப்பழக்கமோ தீர்மானிக்கலாமா?

அக்கலேசியாவும் இப்படித்தான். பலூன் விட்டு விரிக்கலாம். சிறு துளைகள் வழியே அறுவை செய்து அடிவாசல் தசையை வெட்டலாம். 2008இல் ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே மனிதரில் தொடங்கிவைத்த போயம் முறையில், எண்டோஸ்கோப்பி வழியே உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டலாம். போயமையும் அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. இரண்டாண்டு கழித்துப் பலன் கிட்டத்தட்ட சமம்: 83, 82 சதவீதம். ஆனால் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாவது போயமில் 44 சதவீதம், அறுவையில் 29. வயிற்றில் துளை இல்லாமல் முடிந்து, பின்னால் பலருக்கு நெடுநாள் மாத்திரை தேவைப்படும் வழி ஒன்று. துளை போட்டு, அந்தத் தேவை குறையும் வழி இன்னொன்று. ‘லேட்டஸ்ட் டெக்னிக்’ என்ற இரண்டு சொல்லில் இந்தத் தேர்வை மூடிவிடுகிறார்கள்.

இன்னும் கனமானது அமிலம் பட்ட உணவுக்குழாய். கழிவறை கழுவும் அமிலத்தைத் தவறுதலாகவோ, மனம் உடைந்த ஒரு நேரத்திலோ குடித்துப் பிழைத்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புண் ஆறும்போது குழாய் சுருங்கும், தண்ணீர்கூட இறங்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை போய் விரித்துக்கொள்ள வேண்டும். மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் குழாய் கிழியும் சிறிய ஆபத்து உண்டு. மாற்றாக, பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்துச் சோறு இறங்கப் புதுப்பாதை அமைக்கும் பெரிய அறுவை. எப்போது விரிப்பதை நிறுத்தி அறுவைக்குப் போவது என்பதில் உடல்நிலை மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு பயணத்துக்கும் போகும் ஒருநாள் கூலியும், கூட வரும் அம்மாவின் ஒருநாள் கூலியும், இன்னொரு பெரிய அறுவையைத் தாங்கும் மனமும் அதில் இருக்கின்றன. அதிகம் பேச வேண்டிய நோயாளிகள் இவர்கள். இவர்களுக்குத்தான் ‘நீயா தேடிக்கிட்டதுதானே’ என்ற ஏச்சு முதலில் கிடைக்கிறது. ஏச்சு வாங்கியவர் கேள்வி கேட்க மாட்டார். கேள்வி கேட்காதவரைப் பார்த்து ‘இவருக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக்கொள்கிறோம்.

‘நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரி’ என்ற சொல்லுக்கும் இதே விளக்கம்தான். அதில் நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை மதிப்புக்குரியது. ஆனால் பயமும் உண்டு. எதிர்க்கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார், அடுத்த முறை சரியாகப் பார்க்க மாட்டார் என்ற பயம். பின்னால் நாற்பது பேர் டோக்கனோடு நிற்கிறார்களே என்ற கூச்சம். விவரம் அறிந்து, யோசித்து, ‘நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய முடிவு. அதைத் தலைவணங்கி ஏற்க வேண்டும். வழிகள் இரண்டு உண்டு என்றே தெரியாமல் சொன்னால் அதைச் சம்மதம் என்று எண்ணுவது ஏமாற்று. அதுபோலவே, விவரம் சொல்லாமல் ‘மாத்திரையா ஆபரேஷனா, நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதும் கலந்து பேசுவது ஆகாது. அது நோயாளியை நட்டாற்றில் விடுவது. மருத்துவர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்ல வேண்டும். ‘உங்களுக்கு எது முக்கியம்?’ என்று கேட்டபின் சொல்ல வேண்டும்.

‘எல்லாம் சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்’ என்பது இன்னொரு வாதம். சொல்லாததால் என்ன நடக்கிறது? 2009இல் டென்மார்க்கில் நோயே இல்லாத 120 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை தந்து நிறுத்தியதும் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே வந்தன. அடக்கி வைத்த சுரப்பு, நிறுத்தியதும் சில வாரம் கூடுதலாகப் பொங்கும். இதைச் சொல்லாமல் விட்டால், நிறுத்திய மறுவாரம் எரிச்சல் வந்ததும் ‘நோய் திரும்பிருச்சு’ என்று நினைத்து மறுபடி அட்டை வாங்குவார், பிறகு ஆண்டுக்கணக்கில் நிறுத்தமாட்டார். ‘நிறுத்தினா கொஞ்ச நாள் எரியும், அது மாத்திரை நின்னதால வர்றது, படிப்படியா குறைச்சுப் பாப்போம்’ என்று ஒரு வாக்கியம் போதும்.

மறுபக்கம், யாரோ சொன்னதைக் கேட்டு ‘கிட்னி போயிரும்’ என்று பயந்து, தேவையானவரும் நிறுத்துகிறார். 17,598 பேரிடம் மூன்றாண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், பான்டோப்ரசோல் எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொற்று மட்டுமே சற்றுக் கூடியிருந்தது: 1.0 சதவீதம் 1.4 ஆனது. சிறுநீரகக் கோளாறு முதலான மற்ற அச்சங்களுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்களும், மருத்துவர் வேறு காரணத்துக்காகத் தொடரச் சொன்னவர்களும் தாமாக நிறுத்தவே கூடாது. வீண் பயத்தை நீக்குவதும் தகவல்தான். மௌனம் எந்தப் பயத்தையும் போக்கியதில்லை. வதந்திக்கு இடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்’ என்கிறார்கள். குடும்பம் கூட இருப்பது நம் பலம். கஞ்சி காய்ச்சித் தருவதும், மாத்திரை எடுத்துத் தருவதும், பஸ் ஏற்றிக் கூட்டிப்போவதும் அவர்கள்தான். அவர்களைப் பேச்சில் சேர்க்க வேண்டும். ஆனால் சேர்ப்பது வேறு, நோயாளியை நீக்குவது வேறு. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இதைப் பார்க்கலாம். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்கும் வட்டாரம் இது. புகையிலையும் மதுவும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள். அந்த நோய் வந்த பெரியவருக்குச் சொல்லாமல், நடைபாதையில் வைத்து மகனிடம் ‘ஸ்டென்ட் வெச்சிரலாமா?’ என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். சோறு இறங்காமல் தவிப்பவருக்குத் தன் நிலை தெரியாது என்று நினைப்பதுதான் விந்தை. எஞ்சிய நாட்களை மருத்துவமனையில் கழிப்பதா, வீட்டில் கழிப்பதா, யாரைப் பார்க்க வேண்டும், எதை எழுதி முடிக்க வேண்டும் என்பவை அவருடையவை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சரி, பிள்ளையிடம் பேசலாம். கேட்காமலே பிள்ளையிடம் போவதற்கு, நான் மறுக்கும் அதே 2008 தீர்ப்புகூட இடம் தரவில்லை.

கடைசியாக, நேரம். இந்த வாதத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் நெருக்கடி உண்மையானது. பல நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, முதல்நிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இதற்கு அந்த மருத்துவரைக் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் நேரமில்லை என்பது பேசாமல் விடுவதற்கான காரணமாகிவிடக் கூடாது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் கூட்டக் கேட்பதற்கான காரணமாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர் குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 நொடியில் தாமே பேசி முடித்தார்கள். முடிவெடுக்க உதவும் விளக்கத்தாள்கள், படங்கள் பற்றி 209 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில், அவற்றை மருத்துவரின் அறையில் பயன்படுத்தியபோது கூடியது சராசரியாக ஒன்றரை நிமிடம். சரியாகப் போடாத மாத்திரைக்காக ஒருவர் மூன்று முறை திரும்பி வந்தால் போகும் நேரம் அதைவிட அதிகம்.

எல்லாவற்றையும் மருத்துவரே பேச வேண்டும் என்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பணியாளர்கள் வீட்டுப்படி ஏறுகிறார்கள். ‘இந்த கேஸ் மாத்திரையை எப்பப் போடுறீங்க, எத்தனை மாசமாப் போடுறீங்க, சோறு அடைக்குதா?’ என்ற மூன்று கேள்வியை அவர்களும் கேட்கலாம். திண்டுக்கல்லில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பலூனா, அறுவையா, மாத்திரையா என்பதைப் படத்தோடும் ‘நூறு பேரில்’ கணக்கோடும் ஒரு பக்கத் தமிழ்த் தாளாக அச்சடிக்க அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் படித்துக் காட்டட்டும்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. தகவல் பெறுவதும், மாற்றுச் சிகிச்சை இருந்தால் தேர்ந்தெடுப்பதும் அவற்றில் அடக்கம். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. 2008 தீர்ப்பே, மாற்று வழிகளையும், பெரிய ஆபத்துகளையும், சிகிச்சையை மறுத்தால் வரும் விளைவுகளையும் சொல்ல வேண்டும் என்கிறது. அதன் உத்தரவைப் பின்பற்றாதவர்கள்கூட, மக்களைப் பற்றி அது சொன்ன அவநம்பிக்கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளியிடம் நான் சொல்வது: எனக்கு என்ன நோய், வேறு வழி உண்டா, ஒவ்வொன்றிலும் நல்லது கெட்டது என்ன, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருத்துவர்களிடம் சொல்வது: அந்தக் கேள்விகளை வரவேற்றால் உங்கள் அதிகாரம் குறையாது, இன்றுவரை உங்கள் அறைக்கு வெளியே, உங்களுக்குத் தெரியாமல் நடந்துவரும் முடிவுகளில் முதல் முறையாக உங்கள் படிப்புக்கு இடம் கிடைக்கும். நீதிமன்றத்திடம் சொல்வது: இந்த நாட்டின் ஏழையால் புரிந்துகொள்ள முடியாது என்ற அந்தப் பத்தியை இன்னொரு தீர்ப்பால் திருத்துங்கள். வறுமை ஒருவரிடமிருந்து பலவற்றைப் பறித்திருக்கிறது. தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் அறிவை அது பறிக்கவில்லை. அந்த அறிவைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பறித்து வைத்திருப்பவர்கள் நாம். திருப்பித் தர வேண்டியவர்களும் நாமே.